கண், முழங்கால், கணக்கேடு: வயது கூடும் ஒரு முந்திரி ஆலையின் நிகழ்வு ஆய்வு

பிற்பகல் 3 மணிக்கு மேல் அண்டி ஆபீசின், அதாவது முந்திரி ஆலையின், தோலுரிப்பு மேசையைப் போய்ப் பாருங்கள். காலையில் தட்டில் விழுந்த முழுப்பருப்பின் அளவு இப்போது இல்லை, துண்டு கூடியிருக்கிறது. மேசையின் ஒரு முனையில் 25 வயதுப் பெண், மறுமுனையில் 55 வயதுப் பெண். துண்டு எந்தப் பக்கம் அதிகம் என்று சூப்பர்வைசருக்குத் தெரியும். "வயசாச்சு, கை ஓடல" என்று அவர் முடித்துவிடுவார். அந்த முடிவுதான் தவறு. முப்பது வருடம் கத்தி பிடித்த கை அவ்வளவு எளிதில் பழக்கத்தை மறக்காது. அதற்கு முன்பே தளர்வது கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கும் கண்ணும் முழங்காலும். மேசைக்கு மேலே பழைய டியூப் லைட்டும், கீழே உயரம் பொருந்தாத இருக்கையும் இருந்தால் அந்தத் தளர்ச்சி இரட்டிப்பாகத் தெரியும்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் இது ஓர் ஆலையின் சிக்கல் மட்டும் அல்ல. 2001இல் 16.76 லட்சமாக இருந்த மக்கள்தொகை 2011இல் 18.70 லட்சம், பத்து ஆண்டில் 11.6 சதவீத வளர்ச்சிதான். அதே கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம், மாநிலத்திலேயே முதலிடம். படித்த மகள் தாயின் பெஞ்சுக்கு வருவதில்லை. நர்சிங், ஆசிரியப் பணி, வெளிநாடு என்று போகிறாள். அது நல்லதே. ஆனால் 1980களிலும் 90களின் தொடக்கத்திலும் இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்த தாய் இன்று 50ஐத் தாண்டிவிட்டார். 2021ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி 60 வயதைக் கடந்தோரின் பங்கில் கேரளம் 16.5 சதவீதத்துடன் முதலிலும், தமிழ்நாடு 13.6 சதவீதத்துடன் அடுத்தும் நிற்கின்றன. இந்த இரண்டும் சந்திக்கும் எல்லையில்தான் இந்த மாவட்டம் இருக்கிறது.

எடுத்துக்கொண்ட ஆலை

இங்கே அலசுவது உண்மையில் இருக்கும் ஓர் ஆலையின் கணக்கை அல்ல. கல்குளம், விளவங்கோடு வட்டாரத்து நடுத்தர ஆலையின் அமைப்பை ஒட்டி, கணக்குப் போட்டுப் பார்ப்பதற்காக வைத்துக்கொண்ட மாதிரி ஆலை இது. தொழிலாளர் 120 பேர், பெரும்பாலும் பெண்கள். உடைப்பில் 45, தோலுரிப்பில் 50, தரம்பிரிப்பில் 15, போர்மா (பருப்பைக் காயவைக்கும் சூட்டறை), பேக்கிங், ஏற்றியிறக்கம் சேர்த்து 10. வயதுவாரியாக: 40க்குக் கீழ் 18 பேர், 40 முதல் 49 வரை 37, 50 முதல் 57 வரை 48, 58ஐக் கடந்தவர்கள் 17. கூலி பெரும்பாலும் கிலோ கணக்கில்.

உங்கள் ஆலைக்கு இப்படி ஒரு பட்டியல் போட மஸ்டர் ரோலும் (வருகைப் பதிவேடு) ஒரு மாலை நேரமும் போதும். பிரிவு ஒரு பக்கம், வயது மறுபக்கம். அதற்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி: அடுத்த 5 ஆண்டில் 58ஐத் தொடுபவர் எத்தனை? மாதிரி ஆலையில் அது 30 என்று வைத்தால், ஏற்கெனவே கடந்த 17 பேரையும் சேர்த்து 47. தோலுரிப்பும் தரம்பிரிப்பும் தெரிந்த கைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதில் போய்விடும். பல முதலாளிகள் இந்த எண்ணைக் காகிதத்தில் பார்த்த பிறகுதான் விஷயத்தைக் கையில் எடுக்கிறார்கள்.

அடுத்து 2 வாரம் அளவெடுப்பு. ஒவ்வொரு மேசைக்கும் காலை 10 மணி வரையிலான கிலோ, துண்டு சதவீதம். பிற்பகல் 3 முதல் 4 வரையிலான கிலோ, துண்டு சதவீதம். ஆளை ஆளோடு ஒப்பிடக் கூடாது, அதே ஆளின் காலையை அவருடைய மாலையோடு ஒப்பிட வேண்டும். நாள் முழுவதும் ஒரே அளவு துண்டு வந்தால் கத்தியையும், போர்மாவில் பருப்பு காய்ந்த பதத்தையும் பாருங்கள். 70 முதல் 80 டிகிரியில் 6 முதல் 8 மணி நேரம் காயாத பருப்பின் தோல் யார் கையிலும் வராது, அதற்கு வயதைக் குறை சொல்லிப் பயனில்லை. மாலையில் மட்டும் துண்டு கூடினால் முதலில் கண்ணையும் விளக்கையும் பாருங்கள். கிலோ மட்டும் குறைந்து துண்டு கூடாவிட்டால் இருக்கையையும் முழங்காலையும் பாருங்கள்.

கண்ணாடி

நாற்பதைத் தாண்டினால் கிட்டத்தில் இருப்பது மங்குவது, அதாவது வெள்ளெழுத்து, எல்லோருக்கும் வரும். தோலுரிப்பவர் பருப்பைக் கண்ணிலிருந்து 35 முதல் 40 சென்டிமீட்டரில் பிடிக்கிறார், தளர்ச்சி சரியாக அந்தத் தூரத்தில்தான் அடிக்கிறது. 2018இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு நல்ல சாட்சி. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயதைக் கடந்த 751 தொழிலாளர்களில் ஒரு பாதிக்கு மட்டும் வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்துப் பார்த்தார்கள். கண்ணாடி கிடைத்தவர்களின் பறிப்பு மற்றவர்களைவிடச் சுமார் 22 சதவீதம் கூடியது. தேயிலைக் கொழுந்தைவிட முந்திரிப் பருப்பின் தோல் நுணுக்கமானது.

மாதிரி ஆலையில் 40க்கு மேல் 102 பேர். ஒருநாள் கண் முகாம் வைத்தால் போதாது, முகாமில் எல்லோருக்கும் ஒரே தூரத்தில் எழுத்தட்டையைக் காட்டிவிடுவார்கள். தோலுரிப்பவருக்கு 40 சென்டிமீட்டர். தட்டைத் தள்ளி வைத்துப் பார்க்கும் தரம்பிரிப்பவருக்கு 50. ஒரே வயதாக இருந்தாலும் இரண்டாமவருக்குப் பவர் குறைவாக வேண்டும். பரிசோதிப்பவரிடம் மேசையின் தூரத்தை அளந்து எழுதிக் கொடுங்கள், ஒரு தட்டுப் பருப்பையும் கொண்டுபோய் வையுங்கள். பொதுவாக 45 வயதில் பிளஸ் 1 முதல் 1.5, 50ஐக் கடந்தால் 2, 55க்கு மேல் 2.5 என்று வரும். ஆனால் வயதைப் பார்த்துப் பவர் கொடுப்பது பரிசோதனைக்கு ஈடாகாது.

கண்ணாடி போட்டும் மங்கலாக இருக்கிறது என்றால் புரையோ சர்க்கரையோ காரணமாகலாம். அவரை ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போன்ற இடத்துக்கு அனுப்ப வேண்டும், அந்த நாளுக்குக் கூலியும் கொடுக்க வேண்டும். கூலி போகும் என்றால் யாரும் போகமாட்டார்கள்.

கொடுத்த கண்ணாடி மேசையில் இல்லாமல் பையில் கிடப்பதுதான் அடுத்த தோல்வி. வியர்வையில் நழுவும், அதனால் பின்னால் கயிறு கட்டிக் கொடுங்கள். சேலை முந்தானையால் துடைத்தால் தூசி கீறிவிடும், மேசைக்கு ஒரு பருத்தித் துணியும் தண்ணீர்ப் புட்டியும் வையுங்கள். மேல்-கீழ் இரட்டைப் பவர் கண்ணாடி வேண்டாம், அதைப் போட்டுக்கொண்டு படியிறங்கினால் கால் தவறும். 20 கண்ணாடியை அலுவலகத்தில் உபரியாக வைத்திருங்கள். கேட்கும் விதமும் முக்கியம். "கண்ணு தெரியலியா?" என்று எல்லோர் முன்னும் கேட்டால் வேலை போய்விடும் என்ற பயத்தில் "நல்லாத் தெரியுதே" என்றுதான் பதில் வரும். "அக்கா, சாயங்காலம் ஊசியில நூலு கோக்க முடியுதா?" என்று தனியாகக் கேட்டால் உண்மை வரும்.

விளக்கும் மேசையும்

அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்கு, இருபது வயதில் போன வெளிச்சத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேரும். ஆகவே இளையவருக்குப் போதும் என்று தோன்றும் விளக்கு மூத்தவருக்கு இருட்டு. தோலுரிப்பு, தரம்பிரிப்பு மேசையில் 700 லக்ஸ் வரை இலக்கு வையுங்கள் (விளக்கு தரும் ஒளியின் அளவு லூமன், ஒரு சதுர மீட்டரில் விழும் லூமன் லக்ஸ்). 6 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம் உள்ள மேசைக்கு, 2,000 லூமன் தரும் 20 வாட் எல்இடி டியூப் 5 வேண்டும். 4 அடி டியூப் என்பதால் ஒன்றன்பின் ஒன்றாக மாட்டினால் மேசை நீளத்துக்குச் சரியாக வரும். 10,000 லூமனில் பாதிதான் மேசைக்கு வருகிறது என்று கணக்கு வைத்தாலும் 7.2 சதுர மீட்டருக்குச் சுமார் 690 லக்ஸ் கிடைக்கும். மேசைக்கு மேல் ஒன்றேகால் மீட்டரில் தொங்கவிடுங்கள். கூரையில் மாட்டிய விளக்கு தலையின் நிழலை நேராகப் பருப்பின் மேல் போடும். தூசி படிந்த டியூபை 15 நாளுக்கு ஒருமுறை துடைக்காவிட்டால் போட்ட பணம் வீண்.

நிறமும் பார்க்க வேண்டும். வெள்ளைப் பருப்பையும் லேசாகக் கருகிய பருப்பையும் பிரிப்பதே தரம்பிரிப்பின் பாதி வேலை. நீலம் தூக்கலான விளக்கில் கருகல் மறையும், மஞ்சளில் எல்லாமே கருகலாகத் தெரியும். விளக்கின் நிறத்தைக் கெல்வினில் சொல்வார்கள்; 4,000 முதல் 5,000 கெல்வின் வரை உள்ள டியூப் பொருந்தும். பளபளக்கும் எவர்சில்வர் மேசை கண்ணைக் கூசச் செய்யும். உணவுக்கு ஏற்ற மங்கல் நீலத் தட்டை வைத்தால் வெண்பருப்பு தனித்துத் தெரியும், தோல் துணுக்கும் கண்ணில் படும். மேற்கு ஜன்னலில் 3 மணி வெயில் நேரே முகத்தில் அடித்தால் ஓலைத் தட்டியோ திரையோ போட்டு மறையுங்கள். மூத்தவர்களை வடக்கு ஜன்னல் ஓரம் உட்காரவையுங்கள்.

முழுப்பருப்பின் தரப் பெயர்களில் டபிள்யூ 320 என்றால் ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு, 300 முதல் 320 பருப்பு. டபிள்யூ 240 என்றால் 220 முதல் 240. இந்த இரண்டையும் கண்ணால் பிரிப்பவர்களில் மூத்தவர்கள் பிழை செய்யத் தொடங்கினால், ஒவ்வொரு மேசையிலும் ஒரு சிறு தராசு வைத்து, மணிக்கொருமுறை 454 கிராம் எடுத்து எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணின் தவறு பெட்டிக்குப் போகும் முன்பே பிடிபடும்.

உட்காரும் இடம்

தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து மரச்சுத்தியால் உடைக்கும் பழைய முறை முழங்காலை முதலில் தின்கிறது. கை-கால் வெட்டு மெஷினில் மிதியை நாள் முழுவதும் ஒரே காலால் அழுத்துகிறார்கள். இடுப்பும் அந்தக் காலும் போகின்றன. மெஷின் கனமாக மிதிபடுவதற்கு இரண்டு காரணங்கள் அடிக்கடி காணப்படுகின்றன. ஒன்று மழுங்கிய கத்தி. மற்றொன்று, பருமன் பிரிக்காமல் கொட்டிய கொட்டை: பெரியதும் சிறியதும் கலந்து வந்தால் சிறியது நழுவும், பெரியதுக்கு இரட்டை அழுத்தம் வேண்டும், பருப்பும் உடையும். கொட்டையைச் சல்லடையில் பருமன்வாரியாகப் பிரிப்பதே மூத்தவரின் காலுக்கு முதல் வைத்தியம்.

மெஷினில் ஒருவர் வெட்டுவார், இன்னொருவர் பிளந்த ஓட்டிலிருந்து பருப்பைத் தோண்டி எடுப்பார். இருவரையும் 50 நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுங்கள். 50 வயதைக் கடந்தவர் தோண்டி எடுப்பதிலேயே அதிக நேரம் இருக்கலாம். இருவரின் கூலியும் ஒன்றாக இருந்தால்தான் இந்த மாற்று நடக்கும். வெட்டுபவருக்கு ஒரு பைசா கூட இருந்தாலும் வலியோடு மிதித்துக்கொண்டே இருப்பார்.

பெஞ்சு உயரம் 38 முதல் 40 சென்டிமீட்டர், மேசை 62 முதல் 65. நுணுக்க வேலைக்கு மேசை முழங்கையைவிடச் சற்று மேலே இருக்க வேண்டும். இங்கே அடிக்கடி நடக்கும் தவறு, பந்தல் கடை பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போடுவது. அது உயரம், கால் தரையில் எட்டாது. கொஞ்ச நேரத்தில் காலை மடக்கி மேலே வைத்துக்கொள்வார்கள், முழங்காலுக்கு மறுபடி அதே மடிப்பு. 45 சென்டிமீட்டர் அகலப் பெஞ்சும், குள்ளமானவருக்கு 10 சென்டிமீட்டர் கால்பலகையும் போடுங்கள். முதல் வாரம் பழக்கமில்லாமல் உற்பத்தி குறையும். அந்த வாரத்தின் கூலியை முந்தைய மாதச் சராசரியில் கொடுத்துவிட்டால் யாரும் தரைக்குத் திரும்ப மாட்டார்கள்.

ஜெர்மனியின் டிங்கோல்ஃபிங் ஊரிலுள்ள பிஎம்டபிள்யூ தொழிற்சாலையில் 2007இல் இதே சிந்தனையில் ஒரு முயற்சி நடந்தது. பத்து ஆண்டு கழித்து வரப்போகும் சராசரி வயதான 47ஐ இப்போதே கொண்ட 42 பேரை ஒரு வரிசையில் நிறுத்தி, அவர்களே சொன்ன 70 சிறு மாற்றங்களைச் செய்தார்கள்: மரத் தளம், சுழலும் இருக்கை, பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ், வேலை மாற்றி மாற்றி. கருவிச் செலவு சுமார் 20,000 யூரோ. ஓராண்டில் உற்பத்தித்திறன் 7 சதவீதம் கூடியது. மாற்றங்களைச் சொன்னது அந்த வரிசையில் நின்றவர்களே என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி. தோலுரிப்பு மேசையில் எது இடிக்கிறது என்று அங்கே உட்கார்ந்திருக்கும் அக்காக்களைவிட யாருக்கும் தெரியாது.

கழிப்பறை, தளம், சூடு

இவை சுருக்கமாக. முழங்கால் வலி உள்ளவர் குத்தவைக்கும் கழிப்பறையைத் தவிர்க்கவே தண்ணீர் குடிக்காமல் இருப்பார். மே மாதத்தில் அது மயக்கத்திலும் சிறுநீர்த் தொற்றிலும் முடியும். இரண்டு கழிப்பறையிலாவது உட்காரும் கோப்பையும் பக்கச் சுவரில் பிடிகம்பியும் வேண்டும். முந்திரி ஓட்டு எண்ணெய் படிந்த சிமெண்ட் தளம் ஜூன் மழையில் வழுக்கும். நாள் முடிவில் சோப்பும் சுடுநீரும் போட்டுத் தேய்க்க வேண்டும், தூத்து வாருவது போதாது. அந்த எண்ணெய் தோலை வேகவைக்கும். சர்க்கரை உள்ளவருக்கு விரல் நுனியில் உணர்வு குறைந்திருப்பதால் புண் ஆழமான பிறகே தெரியும். உடைப்புப் பிரிவில் நைட்ரைல் கையுறையைக் கட்டாயமாக்குங்கள். இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவரைப் போர்மா இறக்கும் வேலையில் வைக்க வேண்டாம். தோலுரிப்புக்குப் பருப்பு வரும் கூடையை 10 கிலோவாகக் குறையுங்கள். அழுத்தம், சர்க்கரை பார்க்க 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டப் பணியாளர்களிடம் ஆரம்ப சுகாதார நிலையம் வழியாகக் கேட்கலாம்.

இதெல்லாம் எவ்வளவு ஆகும்? மாதிரி ஆலையில் 100 கண்ணாடி 250 ரூபாய் வீதம் 25,000. 7 மேசைக்கு 35 டியூப், பொருத்தும் செலவோடு 21,000. 65 பெஞ்சும் கால்பலகையும் 65,000. கழிப்பறை மாற்றம் 40,000. மொத்தம் 1,51,000 ரூபாய். எதிர்ப்பக்கம்: 50 பேர் ஆளுக்கு 8 கிலோ உரித்தால் நாளைக்கு 400 கிலோ. துண்டு 2 சதவீதம் குறைந்தால் 8 கிலோ முழுப்பருப்பாக மீளும். முழுசுக்கும் துண்டுக்கும் கிலோவுக்கு 100 ரூபாய் வித்தியாசம் என்றால் 250 வேலை நாளில் 2,00,000 ரூபாய். விலைகளை உங்கள் கணக்கேட்டிலிருந்து மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

கிலோ கூலியும் ஓய்வூதியமும்

விளக்கையும் பெஞ்சையும் மாற்றிவிட்டு இதைத் தொடாமல் விட்டால் மூத்தவருக்குச் செய்தது பாதிதான்.

பிஎப் ஓய்வூதியம் கடைசி 60 மாதச் சராசரி ஊதியத்தை வைத்துக் கணக்காகிறது. சூத்திரம்: சராசரி ஊதியம் × பணியாண்டு ÷ 70. 20 ஆண்டு முடித்தவருக்குக் கூடுதலாக 2 ஆண்டு சேரும். 22 ஆண்டு பணி செய்தவர் கடைசி ஐந்து ஆண்டும் 12,000 ரூபாய் சம்பாதித்தால் மாதம் 4,114 ரூபாய். கண் மங்கி, கிலோ குறைந்து, 9,000க்கு இறங்கினால் 3,086. மேசை விளக்கை மாற்றாத ஐந்து ஆண்டுக்காக அவர் உயிரோடு இருக்கும்வரை மாதம் ஆயிரம் ரூபாய் இழக்கிறார். கிராஜுவிட்டியும் (பணிக்கொடை) அப்படியே: கிலோ கூலிக்காரருக்குக் கடைசி 3 மாதச் சராசரிதான் அடிப்படை. ஆண்டுக்கு 15 நாள் கூலி வீதம் 22 ஆண்டுக்கு, நாள் கூலி 400 என்றால் 400 × 15 × 22 = 1,32,000; கொட்டை வரத்து இல்லாத மந்த மாதங்களில் விலகி 300 ஆகப் பதிவானால் 99,000. ஆகவே விலகும் நாளை முழு வேலை ஓடும் பருவம் முடிந்த உடனே வையுங்கள்.

மூத்தவருக்கு இரக்கப்பட்டு 54 வயதிலேயே அரைநாள் வேலைக்கு மாற்றுவதும் இதே காரணத்தால் தீங்கு. 58 வயதில் ஓய்வூதியக் கணக்கு முடிகிறது; அரைநாள் ஏற்பாட்டை அதற்குப் பிறகு தொடங்குங்கள். ஒரு பெஞ்சை இருவர் பகிரலாம், காலையில் ஒருவர், பிற்பகலில் ஒருவர். 58க்கு முன் வேலை மாற்றம் தேவைப்பட்டால், உடைப்பிலிருந்து தரம்பிரிப்புக்குப் போகும் முதல் 3 மாதத்துக்குப் பழைய சராசரிக் கூலியை உறுதி செய்யுங்கள்.

இதே உறுதி, கற்றுக்கொடுப்பவருக்கும் வேண்டும். புதிதாக வரும் பெண்ணையோ ஒடிசா, ஜார்க்கண்டிலிருந்து வந்தவரையோ மூத்தவர் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு "சொல்லிக் குடுங்க" என்றால், ஒவ்வொரு முறை கத்தியை நிறுத்தும்போதும் அவருக்குக் கூலி போகிறது. பிறகு ஏன் சொல்லிக்கொடுப்பார்? 6 வாரத்துக்கு ஒருவருக்கு ஒருவர் என்று இணைத்து, கற்றுக்கொடுப்பவருக்கு நாள் கூலி கொடுங்கள். அளவுகோல், கற்பவரின் துண்டு சதவீதம். வேகத்தை முதல் மாதம் பார்க்கவே வேண்டாம்.

காகிதங்கள்

50 வயது நிறைந்த ஒவ்வொருவரின் பிஎப் பதிவையும் ஆதாரோடு ஒப்பிடுங்கள். பெயரில் ஓர் எழுத்து, தகப்பன் பெயருக்குப் பதில் கணவன் பெயர், பிறந்த தேதிக்குப் பதில் ஜனவரி 1: ஓய்வூதிய விண்ணப்பம் திரும்பி வருவதற்கு இதில் ஒன்று போதும். பள்ளிச் சான்றும் பிறப்புச் சான்றும் இல்லாதவரிடம் ஞானஸ்நானச் சான்று இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், ஆதாரைத் திருத்தும்போது பிறந்த ஆண்டைத் தேட அது உதவும். முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து கொடுக்கும் கூட்டு அறிவிப்பால் பிஎப் பதிவைத் திருத்தலாம். ஆலை மூடிய பிறகு கையெழுத்துப் போட ஆள் கிடைக்காது.

பணியாண்டையும் எண்ணுங்கள். ஓய்வூதியத்துக்கு 10 ஆண்டு வேண்டும். 9 ஆண்டு 6 மாதம் ஆனாலே 10 என்று எடுத்துக்கொள்வார்கள். பழைய ஆலையில் இருந்த வேறு எண்ணைச் சேர்க்காமல் விட்டவர்கள் 7 ஆண்டில் நிற்பார்கள், இரண்டையும் இணைத்தால் தகுதி வந்துவிடும். இதைப் பார்க்காமல் யாரும் பணத்தை எடுத்துவிட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

விலகும் நாளில் ஒவ்வொருவரிடமும் மூன்று காகிதம் இருக்க வேண்டும்: ஓய்வூதிய விண்ணப்பத்தின் நகல், கிராஜுவிட்டி கணக்குத் தாள், இஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) மருத்துவத் தொடர்ச்சிக்கான விண்ணப்பம். குறைந்தது 5 ஆண்டு இஎஸ்ஐயில் இருந்து ஓய்வு வயதில் விலகுபவர், ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் அவருக்கும் கணவருக்கும் இஎஸ்ஐ மருத்துவம் தொடரும். அந்த விண்ணப்பத்தில் முதலாளியின் சான்று வேண்டும், அதைக் கடைசிக் கூலியோடு சேர்த்தே கையில் கொடுத்துவிடுங்கள்.